கடைசியாகக் கழற்றியது

செப்டம்பர் பதினேழாம் தேதி, வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு, மூன்றாம் மாடியின் கடைசி வீட்டில் இருந்த கணினி இயங்கவில்லை. பொத்தானை அழுத்தினால் உள்ளே விசிறி மூன்று சுற்று சுற்றி நின்றது.

கணினி அக்காவுடையது. பழுதுபார்க்க வந்தவன் தம்பி. பதினோரு வருடமாக இதே தொழில். அக்கா மூன்று வருடம் உட்கார்ந்து மொழிபெயர்த்த எழுநூறு பக்கங்கள் அதற்குள் இருந்தன. மாலை ஆறு மணிக்குள் பதிப்பகத்துக்குப் போய்ச் சேராவிட்டால் வேலை வேறொருவர் கைக்குப் போய்விடும். நகல் கிடையாது.

"போன வருஷமே நகல் எடுத்து வைக்கிறேன்னு சொன்னது யாரு?"

"நான்தான்க்கா. மறந்துட்டேன்."

"ஊருக்கெல்லாம் சகுனம் சொல்ற பல்லி கழுநீர்ப் பானையில விழுந்துச்சாம். உன் கதைதான்."

இரண்டு கோப்பைத் தேநீர் கொண்டுவந்தவள், ஒன்றை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு மற்றதோடு அடுத்த அறைக்குப் போனாள்.

அவன் முதலில் வன்தட்டைக் கழற்றித் தன் மடிக்கணினியில் மாட்டிப் பார்த்தான். காலி என்று காட்டியது. அப்படி இருக்க வழியே இல்லை. நேற்றிரவுகூட அக்கா அதில் தட்டச்சு செய்திருக்கிறாள். மறுபடி மாட்டினான். மறுபடி காலி. பல்லைக் கடித்துக்கொண்டு பழைய வழிக்குத் திரும்பினான்.

அவன் தொழிலில் வழி ஒன்றுதான். ஒவ்வொன்றாகக் கழற்று, ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பார். எதை எடுத்தபின் ஓடுகிறதோ, கோளாறு அதில்தான். தரையில் ஒரு துண்டை விரித்து, கழற்றியவற்றை நாலு விரல் இடைவெளி விட்டு ஒரே வரிசையில் அடுக்கினான். நினைவகத்தின் செப்புப் பற்களை அழிரப்பரால் தேய்த்தான், மின்சாரம் தரும் பெட்டியைக் கழற்றி வேறொன்றை மாட்டினான், பழைய தூசியும் சூடேறிய தகரமும் கலந்த வாடை தொண்டையில் கட்டிக்கொள்ள, முழங்கால் வலிக்க, நாற்பது தடவையாவது பொத்தானை அழுத்தியிருப்பான். மூன்று சுற்று. நிற்கும். வெளியே மழை பிடித்துக்கொண்டது; அறைக்குள் வெளிச்சம் கழுநீர் நிறத்துக்கு வந்திருந்தது. எல்லாவற்றையும் திரும்ப உள்ளே மாட்டினான். துண்டு காலியானது.

"சனியனே, ஓடித் தொலையேன்!" என்று மறுபடி பொத்தானை அழுத்தினான்.

விசிறி நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்தது. திரை மட்டும் கறுப்பு. மூடியை முடுக்கத் திருப்புளியைத் தேடினான். இல்லை. பிடியில் பச்சை நாடா சுற்றிய அவனுடைய திருப்புளி.

"அக்கா, திருப்புளியை எடுத்தியா?"

"நான் எதுக்குடா அதைத் தொடறேன்? கண்ணைத் திறந்து தேடு."

திரையில் வெளிச்சம் வந்தது. தேநீர் நினைவுக்கு வந்து கையை நீட்டினான். கோப்பை இல்லை. அது இருந்த இடத்தில் ஈர வட்டம்கூட இல்லை.

எழுத்துகள் ஓடத் தொடங்கின. முகத்தைத் துடைக்கக் கழற்றி வைத்த கண்ணாடியைக் காணோம். எழுத்து மங்கலாகத் தெரிந்தது. எரிச்சலோடு எழுந்து வாசலுக்குப் போனான். தன் கடைக்குப் போய் வேறு திருப்புளி எடுத்துவர வேண்டும். கதவோரத்தில் அக்காவின் செருப்பு மட்டும் இருந்தது.

"என் செருப்பு எங்கக்கா?"

அக்கா நிலைப்படியில் வந்து நின்றாள். அவன் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மணி அஞ்சரை ஆச்சு. அஞ்சுக்குள்ள முடிஞ்சிடும்னு சொன்னீங்களே?"

சொன்னீங்களே. பிறந்ததிலிருந்து அவனை 'டா' போட்டுத்தான் அழைத்திருக்கிறாள். கேலி செய்கிறாள் என்று சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. தெரியாத ஆளை வீட்டுக்குள் விட்டவர்கள் நிற்பதுபோல, ஒரு கையைக் கதவின் மேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

அவள் தலைக்கு மேல் சுவரில் படம். சின்ன வயதில் இருவரும் ஒரே நாற்காலியில் நெருக்கியடித்து உட்கார்ந்து எடுத்தது. கண்ணாடி இல்லாமல் கிட்டே போய்ப் பார்த்தான். நாற்காலியில் அக்கா மட்டும் தாராளமாக உட்கார்ந்திருந்தாள்.

அறைக்கு ஓடினான்.

துண்டு காலியாக இல்லை. திருப்புளி. கோப்பை. மூக்குக் கண்ணாடி. செருப்பு ஜோடி. நாலு விரல் இடைவெளி விட்டு, ஒரே வரிசையில், அவன் அடுக்குவதுபோலவே. செருப்புக்கு அப்பால், துண்டைத் தாண்டித் தரையிலும், ஆள் ஒருவர் நீட்டிப் படுக்கும் அளவுக்கு இடம் விடப்பட்டிருந்தது. அங்கே மட்டும் தூசி துடைத்திருந்தது.

திரையில், வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை நிரம்பிக்கொண்டிருந்தது. முக்கால். அதற்கு மேல் நகரவில்லை.

காத்திருந்தது.

மின்கம்பியைப் பிடுங்கக் குனிந்தான். விரல்கள் மூடின. கம்பி விரல்களுக்குள் இல்லை. மறுபடி. இல்லை. "அக்கா!" என்றான். சத்தம் வந்ததா என்று அவனுக்கே தெரியவில்லை. மழைச் சத்தம் கேட்டது. விசிறி கேட்டது. முழங்கால் வலி நின்றிருந்தது.

பட்டை நிரம்பியது.

அக்கா உள்ளே வந்தாள். அவன் நின்ற இடத்தின் வழியாகவே நடந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்பாடா" என்றாள். எழுநூறு பக்கங்களும் அப்படியே இருந்தன.

ஐந்து ஐம்பத்திரண்டுக்குக் கோப்பு பதிப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அக்கா சமையலறைக்குப் போய்த் தேநீர் போட்டாள். ஒரு கோப்பை.