பதினேழு முறை

ஓடுபாதையைக் கடக்கப் போன ஆய்வு ஜீப் தானாகவே நின்றது. சவரிமுத்து ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பார்த்தான், சக்கரம் அசையவில்லை. மறுகணம் மூடுபனிக்குள்ளிருந்து ஒரு விமானம் சீறி வந்து, அவன் கண்ணெதிரே ஓடுபாதையில் விரைந்து மேலெழுந்தது. ஜீப்பின் கண்ணாடிகள் அதிர்ந்து அடங்கின.

தென்கடல் விமான நிலையத்தில் தடங்காவலனைப் பொருத்தி மூன்றாண்டுகளாகியிருந்தன. தரையில் நகரும் விமானங்களையும் வண்டிகளையும் அந்தக் கருவி இடைவிடாமல் கவனிக்கும். இரண்டு மோதிக்கொள்ளும் என்று தெரிந்தால் ஒன்றை நிறுத்திவிடும். யாரையும் கேட்காது, யாரிடமும் சொல்லாது. கோபுரத்திலிருந்து யாரோ நிறுத்தியதாகத்தான் சவரிமுத்து நினைத்தான்.

மதியம் ஒரு பெட்டி மக்ரூன் இனிப்புடன் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு ஏறினான். காலையில் ரேடியோவில் அவனுக்கு வழி சொன்ன அதிகாரி நிலோஃபர் அப்போதுதான் பணி முடித்திருந்தாள்.

"மேடம், காலைல நீங்க வண்டிய நிறுத்தலன்னா நான் இல்ல. வீட்டுல அவளுக்கு ஏழு மாசம்."

அவன் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது. ஜீப்புக்குக் 'கடக்கலாம்' என்றவளும் அவள்தான். விமானத்துக்குக் 'கிளம்பலாம்' என்றவளும் அவள்தான்.

"நான் நிறுத்தல தம்பி. தடங்காவலன் நிறுத்தியிருக்கு. உங்கள உள்ள அனுப்புனதே நான்தான்."

சவரிமுத்து பெட்டியை மேசைமேல் வைத்தான். "மெஷின் மக்ரூன் திங்காது. நீங்களே வச்சுக்கோங்க மேடம். என் புள்ளைக்கு அப்பன் இருக்கான், அது போதும்."

அவன் போனதும் அவள் தன் தவறை அறிக்கையாக எழுதி, பராமரிப்புப் பொறியாளர் தணிகாசலத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"உங்க கருவிக்குக் கோடி நன்றி சார். ஒரு குடும்பத்தையும் என்னையும் காப்பாத்திடுச்சு."

"அது இப்படி நிறுத்துறது இது பதினேழாவது தடவ மேடம்."

"மொத்தமாவா?"

"உங்க ஷிஃப்ட்ல மட்டும். உங்கள மாதிரி அதிகாரிங்ககிட்ட சொன்னா கை நடுங்கும்னு சொல்லாம இருக்கிற மாதிரி வடிவமைச்சிருக்காங்க."

அவள் மெல்லக் கேட்டாள்: "இது வர்றதுக்கு முன்னாடி?"

தணிகாசலம் பழைய பதிவுகளைப் புரட்டினார். "உங்க டியூட்டில பன்னிரண்டு வருஷம். ஒரு தப்புகூட இல்ல."

மறுநாள் காலை வானம் தெளிவாக இருந்தது. ஒரு இழுவை வண்டி ஓடுபாதையைக் கடக்க அனுமதி கேட்டது. ஓடுபாதை காலி என்று திரையில் பச்சை விளக்கு எரிந்தது. நிலோஃபர் நாற்காலியை விட்டு எழுந்து, கண்ணாடிச் சுவரருகே போய், ஓடுபாதையின் இரு முனைகளையும் பார்த்தாள்.

"கடக்கலாம்" என்றாள்.