வலியே இல்லையாம்

வலது குதிகால் அரித்தது. இடது கால் விரலால் சொறிந்தாள். சொறிந்த மாதிரியே இல்லை. பக்கத்துக் கட்டிலில் யாரோ யாருடைய காலையோ சொறிவது போலிருந்தது.

வருஷக்கணக்காய்த் தையல் மெஷின் முன் குனிந்தே கிடந்த முதுகு. கீழ்முதுகில் பிதுங்கி நரம்பை நசுக்கிய ஜவ்வைக் காலையில்தான் வெட்டி எடுத்திருந்தார்கள். சன்னலோரம் நின்று புருஷன் உறவுக்கெல்லாம் போன் போட்டுக்கொண்டிருந்தான். "வலியே இல்லையாம்!"

"என்னங்க, காலு மரத்துப்போகுது. நர்ஸைக் கூப்பிடுங்க."

நர்ஸ் அவளை ஒருக்களிக்க வைத்து முதுகுக் கட்டைப் பார்த்தாள். "ஒரு சொட்டு ரத்தம் இல்லையே. மயக்க மருந்து இறங்க வேணாமா?"

"அது எப்பவோ இறங்கிடுச்சு. அப்ப கால் நல்லாத்தான் இருந்துச்சு. இப்பதான் போகுது."

"பயந்தா அப்படித்தான் தோணும்."

புருஷன் தலையாட்டினான். யார் என்ன சொன்னாலும் ஆட்டுவான். பெண் பார்க்க வந்தபோதும் அப்படித்தான் ஆட்டியிருப்பான்.

"உள்ளுக்குள்ளேயே ரத்தம் கட்டி நரம்பை அமுக்கும்னு டாக்டர் சொன்னாரே?"

"ரொம்ப அபூர்வம்னும் சொன்னாருல்ல? அவர் ஆபரேஷன்ல இருக்கார். வரட்டும், சொல்றேன்."

மத்தியானம் ஃபினாயில் நெடியோடு நகர்ந்தது. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முனகல் முனகியது. அடிவயிறு பானை போல உப்பியிருந்தும் சிறுநீர் முட்டவில்லை. தண்ணீர்ச் சத்தம் கேட்டால் தானாக வருமென்று நர்ஸ் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் போனாள். அது சளசளவென்று கொட்டிக்கொண்டே இருந்தது. அவள் போர்வைக்குள் கைவிட்டுக் கிள்ளினாள். தொடையில் உணர்வில்லை. இன்னும் மேலே. அங்கும் இல்லை. கூப்பிடுமணியை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். "நர்ஸ்!" என்று கத்தினாள். செவிடன் காதில் ஊதிய சங்கு.

"கத்தாதம்மா. வெந்நீர்ப் பை வச்சா சரியாயிடும்," என்றான் புருஷன்.

"வெந்நீர் வேணாம். டாக்டரைக் கூட்டிட்டு வாங்க!"

அவன் போனான். ஆத்திரத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். காலடி திரும்பி வந்தது. நாற்காலி கிறீச்சிட்டது.

சூடான ரப்பர் வாசனை.

"டாக்டர் எங்கே?"

"இன்னும் வரலையாம்."

"இது என்ன வாசனை?"

"பைதான். வந்தவுடனே வச்சுட்டேனே."

மின்விசிறி முனகியது.

"எங்க வச்சீங்க?"

"தொடை நடுவுல. இதமா இல்ல?"

அவள் கையை நீட்டினாள். போர்வை நனைந்திருந்தது. விரல் சுட்டது. வெடுக்கென இழுத்துக்கொண்டாள். விரல் மட்டும்தான் சுட்டது.

அவன் போர்வையை விலக்கினான்.

மூடி கழன்ற பை. எழும்பும் ஆவி. இரு தொடைகளிலும் பாலாடை போலச் சுருங்கி, மெல்ல வழுக்கி இறங்கிக்கொண்டிருந்தது தோல்.

அவன் அலறினான்.

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். யாருடைய காலையோ பார்ப்பது போல.