நான்காம் குதிர்

குதிருக்குள்ளிருந்து யாரோ தட்டினார்கள். மூன்று தட்டு. சற்று நிறுத்தி, மறுபடி மூன்று.

பஹ்கத் துடைப்பத்தைப் போட்டுவிட்டு, எகிப்தின் தமியெத்தா துறைமுகத்தின் நான்காம் கோதுமைக் குதிரின் சிமென்ட் சுவரில் காதை வைத்தான். பாலைவனப் புழுதிக்காற்று நண்பகலையே மஞ்சள் இருட்டாக்கியிருந்தது. புளித்த கோதுமையின் வாடையும், எலி மூத்திர வாடையும், அவற்றுக்கடியில் அவன் பெயர்சொல்ல விரும்பாத இன்னொரு வாடையும் சுவரிலிருந்து கசிந்து மூக்கில் ஏறின. மூன்று நாளுக்கு முன், கட்டிதட்டிய கோதுமையைக் கிளறிவிட, இடுப்பில் கயிறுகூடக் கட்டாமல் அவன் தம்பி அத்வாவை உள்ளே இறக்கினார்கள். கோதுமை சரிந்தது. அத்வா அப்படியே அமிழ்ந்துபோனான்.

பஹ்கத் கம்பெனி இன்ஜினியர் ஷவ்கியின் அறைக்கு ஓடினான்.

"ஐயா, தம்பி தட்டுறான். கீழ்க்கதவத் திறக்கச் சொல்லுங்க."

"அவன் எங்க ஆளே இல்லப்பா, காண்டிராக்டர் ஆளு. நான் திறந்தா, கம்பெனிதான் பொறுப்புன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். ஹாஜிகிட்ட எழுதி வாங்கிட்டு வா."

காண்டிராக்டர் ஹாஜி மெத்வல்லி வாசலில் தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"குதிரு யாருது? அவங்களுது. உள்ள நடந்ததுக்கு நான் கையெழுத்துப் போடணுமா? நல்லாருக்கே!"

மூன்று நாளாக இதே அலைச்சல். பஹ்கத்துக்கு அழுகைகூட வரவில்லை. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடைதான் வலித்தது.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுலதான்யா அவன் செத்துக்கிட்டிருக்கான்!"

ஹாஜி இன்னொரு தேநீருக்குக் கைகாட்டினார்.

பஹ்கத் கடப்பாரையை எடுத்துக்கொண்டு குதிருக்கடியில் இருந்த சுரங்கவழியில் இறங்கினான். கீழ்க்கதவின் பூட்டை உடைத்தான். கதவைத் திறக்கும் துருப்பிடித்த சக்கரத்தை முழு உடம்பாலும் தள்ளித் திருப்பினான். கதவு திறந்தது. கோதுமை இரைச்சலோடு கொட்டி முழங்கால்வரை மூடியது.

"அத்வா! வந்துட்டேன்டா!"

கோதுமை சட்டென்று நின்றது. ஏதோ அடைத்திருந்தது.

கையை உள்ளே விட்டுத் துழாவினான். ஒரு கை பிடித்துக்கொண்டது.

குளிர்ந்த கை. காய்ந்த கை. எலும்பின்மேல் ஒட்டிய தோல்.

அத்வாவுக்கு இருபது வயது.

இன்னொரு கை வந்தது. இன்னொன்று. இன்னும். கதவின் வாய் முழுக்க விரல்கள். ஒவ்வொரு மணிக்கட்டிலும் கூலியாட்களுக்குக் கட்டும் மஞ்சள் பட்டை.

அவன் மணிக்கட்டில் இருந்த அதே பட்டை.

அவை அவசரப்படவில்லை. ஒன்று விட, மற்றொன்று பிடிக்க, முறைவைத்து அவனை உள்ளே இழுத்தன.