பத்தொன்பதாம் எண் ஸ்பேனர்

நில அளவையாளர் கேட்டது பதினேழாம் எண் ஸ்பேனர். அவர் உள்ளங்கையில் வந்து அமர்ந்தது பத்தொன்பது.

ஜீப்பின் அடியில், சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து கிடந்தபடியே அதை விளக்கருகே பிடித்துப் பார்த்தார். ஐயமில்லை, பத்தொன்பதுதான். கேட்டதைக் காதில் வாங்கி, கேட்டதை எடுத்துத் தரக்கூடப் பொறுமை இல்லாதவர்கள் துணைக்கு வருவதாக ஏன் வாக்குக் கொடுக்கிறார்கள் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருப்பி எறியப் போனவர், எதற்கும் இருக்கட்டும் என்று நட்டில் வைத்துப் பார்த்தார். அளவெடுத்துச் செய்ததுபோல் கவ்வியது. வண்டியின் முந்தைய சொந்தக்காரர்களில் யாரோ அந்த ஒரு நட்டை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். பதினேழு என்று கேட்டது இவர் தவறுதான். ஆனால் அந்த நட்டோ பின்சக்கர அச்சுக்கு மேலே, டீசல் தொட்டியின் மறைவில் இருந்தது. வெளியில் நிற்பவர் தரையோடு தரையாகப் படுத்தாலும் அதைப் பார்க்க வழியில்லை.

"பரவாயில்லையே, தேறிட்டே," என்றார்.

கொட்டகையின் தகரக் கூரையில் மழை சரளைக்கல்லைக் கொட்டுவதுபோல் கொட்டிக்கொண்டிருந்தது. மதிய வேளைதான், ஆயினும் வாசல் வழியே வந்த வெளிச்சம் சாம்பல் கரைத்த நீரைப்போல் மங்கியிருந்தது.

மனைவி, ஓடைக்கு அப்பாலுள்ள மருத்துவ நிலையத்தில் செவிலி. ஓடைமேல் இருந்த பாலத்தை வெள்ளம் கொண்டுபோயிற்று. நாளை முதல் தினமும் வந்துபோக இயலாதவர்கள் அங்கேயே தங்கிப் பணியாற்ற வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. பாலம் எப்போது கட்டப்படும் என்று கேட்டால் மட்டும் மேலிடத்துக்கு வாய் அடைத்துவிடும். அவளைத் தனியே அனுப்ப அவருக்கு மனமில்லை. ஆகவே, தினமும் ஓடைநீரைக் கடந்து அவளைக் கொண்டுவிட, மூன்றாண்டுகளாகத் தார்ப்பாய்க்குள் தூங்கிய இந்தப் பழைய ஜீப்பைத் தட்டி எழுப்பினார். எஞ்சினுக்குக் காற்றை இழுக்கும் குழாயைக் கூரை உயரத்துக்கு ஏற்றினார். வண்டியைத் தாங்கும் கமான் பட்டைகளைக் கழற்றிவிட்டு, அதிக வளைவுள்ள புதிய பட்டைகளைப் பூட்டினார். வண்டி ஒரு சாண் அளவுக்கு எழும்பி நின்றது. இனி எஞ்சியது கடைசி முறுக்கு மட்டுமே. அதை ஜாக்கியையும் முட்டுகளையும் எடுத்துவிட்டு, வண்டி தன் சக்கரங்களிலேயே நிற்கும்போதுதான் முறுக்க வேண்டும். தூக்கி நிறுத்தி முறுக்கினால் உள்ளிருக்கும் ரப்பர் பிய்ந்துவிடும்.

அந்த வேலைக்குத்தான் மனைவியின் தம்பி வருவதாகச் சொல்லியிருந்தான். பேருந்து நடத்துநர். வாய் ஓயாதவன். ஸ்பேனரைக் கையில் வைக்கும்போதெல்லாம், "பதினாலு ஒண்ணு, சில்லறையா குடுங்க மாமா" என்று ஏதாவது சொல்லாமல் வைக்கமாட்டான். சற்றுமுன் தகரக் கதவு தரையில் உராயும் ஓசை கேட்டதும், அளவையாளர் வழக்கம்போல் தலையைத் திருப்பாமல் கையை மட்டும் வெளியே நீட்டிப் பதினேழைக் கேட்டார். வண்டிக்கடியில் படுத்தவர் யாரும் அப்படித்தான் கேட்பார்கள். கண் நட்டின்மேல் இருக்கும். கை தானாக நீளும். கேட்டது வந்து சேரும்.

வந்து சேர்ந்தது. வாய்தான் வரவில்லை.

போன வாரம் எல்லார் முன்னிலையிலும் அவனைச் சோம்பேறி என்று திட்டியது அவர் நினைவுக்கு வந்தது. அதற்காக முறைத்துக்கொண்டு நிற்கிறானோ? இருக்கும். அக்கா வீட்டில் மூன்று வேளையும் சாப்பிடும்போது மட்டும் அந்த மானம் எங்கே போகிறதென்று கேட்க நினைத்து, பிறகு வேண்டாமென்று விட்டார். முறுக்கி முடித்த நட்டைத் துடைத்துவிட்டு, அடுத்ததற்குச் சிறிய சுத்தியல் தேவை என்று எண்ணினார். எண்ணிக்கொண்டே கையை நீட்டினார்.

சுத்தியல் கையில் இருந்தது.

அவர் வாய் திறக்கவே இல்லை.

ஒரு வாசனை வந்ததை அப்போதுதான் உணர்ந்தார். கிரீஸ் வாசனையன்று, ஈரமண் வாசனையுமன்று. நெடுநாள் பூட்டிக்கிடந்த பெட்டியைத் திறக்கும்போது முகத்தில் மோதுமே, அந்த வறண்ட, மூச்சடைக்கும் நெடி. வெளியே உலகமே ஈரமாய் இருக்கையில் இத்தனை வறட்சி எங்கிருந்து வருகிறது? சுத்தியலை இரண்டு முறை தட்டினார். மூன்றாவது தட்டு தானாகவே தளர்ந்தது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, மனத்தில் எதையும் எண்ணாமல், எந்தக் கருவியின் உருவமும் நெஞ்சில் எழாதபடி வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே கையை நீட்டினார்.

நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. அவர் மெல்ல மூச்சுவிட்டார்.

பிறகு, கருவி எதுவுமில்லாமல், விரல்கள் மட்டும் அவர் உள்ளங்கையில் வந்து படிந்தன. காகிதத்தைப்போல் உலர்ந்த விரல்கள். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை சாவகாசமாக ஊர்ந்து சென்றன. நிலத்தின் நீளத்தைச் சங்கிலி போட்டு அளப்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு, அளக்கப்படுவது என்னவென்று தெரியாதா?

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். தலையைத் திருப்பி, வண்டிக்கும் தரைக்கும் இடையிலிருந்த நீண்ட இடைவெளி வழியே பார்த்தார். கருவிப்பெட்டி இருந்தது. எண்ணெய் டப்பா இருந்தது. சுவரோரம் கழற்றிப் போட்ட பழைய பட்டைகள் இருந்தன. மறுபுறம் திரும்பிப் பார்த்தார். முன்பக்கம் பார்த்தார். கால்களை அகட்டி, பாதங்களுக்கு நடுவே பின்பக்கமும் பார்த்தார்.

எந்தப் பக்கத்திலும் கால்கள் இல்லை.

மார்பின்மேல் வைத்திருந்த கைபேசி அதிர்ந்தது. திரையில் மைத்துனனின் எண்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க," என்றான். பின்னணியில் பயணிகள் யாரையோ வைதுகொண்டிருந்தார்கள். பேருந்து பாதி வழியில் படுத்துவிட்டதாம். மெக்கானிக் வரும்வரை இவன் நகரக்கூடாதாம். பயணிகள் தன்னைத் தின்னாத குறையாம்.

"நீ... இங்கே வரலையா?"

"எங்க வர? சாயங்காலம் ஆயிடும். அக்காகிட்டயும் சொல்லிடுங்க, அவ போனை எடுக்க மாட்டேங்கிறா. நான் வர்றதுக்குள்ள அடியில போய்ப் படுத்துக்காதீங்க. அப்புறம் எடுத்துக் குடுக்க ஆளில்லேன்னு அக்கா மேல பாய்வீங்க."

சிரித்தான். வைத்துவிட்டான்.

திரை அணைந்தது. அளவையாளர் அசையவில்லை. மழை இரைந்தது. எங்கோ மிக அருகில், கருவிப்பெட்டிக்குள் ஸ்பேனர்களை யாரோ ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அவசரமில்லாமல். அடுத்து என்ன வேண்டியிருக்கும் என்று யோசித்தபடி.

சுவர்ப்பக்கமாக நழுவி வெளியேற வேண்டும். குதிகாலைத் தரையில் ஊன்றி உந்தினார். பலகை நகரவில்லை. மீண்டும் உந்தினார். பலகையின் சக்கரத்தில் ஏதோ சிக்கியிருந்தது. கையால் தடவினார். ஸ்பேனர். அடுத்த சக்கரத்திலும். நான்கிலும். யாரோ கவனமாக முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

பலகையைவிட்டு உருண்டுவிடலாம் என்று தோளைச் சாய்த்தபோது வாசலில் செருப்பொலி கேட்டது.

மனைவியின் கால்கள். நீலச் செருப்பு, புடவையின் நனைந்த கரை.

"எப்படா வந்தே?" என்றாள். குரலில் மகிழ்ச்சி. "இந்த மழையில ஒரு பொட்டு நனையாம வந்திருக்கியே."

அவள் கால்களுக்கு எதிரே தரை வெறுமையாக இருந்தது.

"உள்ளே வராதே," என்றார் அளவையாளர். "அது அவன் இல்லே. வெளியே போ."

"ஆரம்பிச்சுட்டார் பாரு." அவள் அவரிடம் பேசவில்லை. சற்று நின்றாள்; யாரோ சொல்வதைக் கேட்பதுபோல் ஒரு மௌனம். "ஏறிப் பாக்கவா? இவர் திட்டுவாரேடா."

"ஏறாதே!"

"ஒரு நிமிஷம்ங்க. உயரத்தைப் பாக்கச் சொல்றான். நாளைக்கு நான்தானே இதுல போகணும்?"

செருப்பிலிருந்து குதிகால்கள் எழும்பின. பிறகு விரல்கள். செருப்புகள் இரண்டும் அப்படியே நிற்க, பாதங்கள் மேலே போய் மறைந்தன. வண்டி மெல்லத் தாழ்ந்தது. புதிய பட்டைகள் அவள் எடையை இதமாக வாங்கிக்கொண்டன. அவர் எண்ணிய அளவுக்கே. கதவு சாத்தப்பட்டது.

அவர் கூப்பிட்டார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மழையில் அது கரைந்தது.

உருண்டு வெளியேறத் தோளைச் சாய்த்தார்; அதற்குள் வண்டி மறுபடியும் தாழ்ந்து தோளைத் தடுத்தது.

இம்முறை எந்தக் காலும் தரையிலிருந்து எழவில்லை. எடை மட்டும் ஏறியது. ஓர் ஆளின் எடை. பிறகு பின்பக்கம், இன்னொன்று. பட்டைகள் முனகின. மேலே இருக்கை நெரியும் ஓசை. மீண்டும் ஒன்று. இடப்புறம். வலப்புறம். அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே இருந்த இடைவெளி, விரல் விரலாகக் குறைந்தது. வளைத்து வைத்த பட்டைகள் நேராயின. நேரான பட்டைகள் எதிர்ப்புறம் வளையத் தொடங்கின.

"நகர்ந்துதான் உக்கார்ந்திருக்கேன்," என்றாள் மேலே. சிரிப்பு குறைந்திருந்தது. "போதும்டா. இன்னும் எத்தனை பேர்?"

இருக்கை மறுபடியும் நெரிந்தது.

"ஏங்க," என்றாள். மிகச் சன்னமாக. "இவன் கை ஏன் இப்படி இருக்கு?"

அளவையாளர் தலையைப் பக்கவாட்டில் திருப்பினார். நேராக வைக்க இடமில்லை. இரும்புச் சட்டம் சட்டைப் பொத்தானைத் தொட்டது. பொத்தான் நெஞ்சுக்குள் அழுந்தியது. மூச்சு பாதியில் நின்றது. மேலே அவள் குரல் இல்லை. கைவிளக்கு நசுங்கி அணைந்தது. தரைக்கும் வண்டிக்கும் நடுவே இப்போது ஒரு கோடு அளவுக்கே வெளிச்சம். அதன் வழியே வாசல் தெரிந்தது.

தகரக் கதவு அகலத் திறந்திருந்தது. அதன் முன்னே தேங்கிக்கிடந்த மழைநீரில், கால்கள் எவையும் தெரியாமலே, காலடிகள் மட்டும் கொட்டகையை நோக்கி விழுந்தன. ஒன்றன்பின் ஒன்றாக. தெருவின் கோடிவரை, வரிசை குலையாமல்.