பதினேழாவது ஐஸ் பெட்டி

கதிரையின் ஒரு கால் குட்டை. கஜீபன் மூச்சு விட்டாலே அது டொக்கென்று ஆடியது. நேர்மையானவனுக்குக்கூடக் குற்றவாளிக் களை கொடுத்துவிடுகிற கதிரை.

காலை எட்டு மணியிலிருந்து திருகோணமலைத் துறைமுகத்தடிப் பொலிஸ் அறையில் இருக்கிறான். மூடிய யன்னலுக்கு வெளியே மூதூர்ப் படகின் சங்கு. உள்ளே ஈரச் சுண்ணாம்பு மணம், விசிறியின் கிறீச்சு, முன்னால் பிடி உடைந்த நீலக் கோப்பையில் அவன் பாதி குடித்து ஆறவிட்ட தேத்தண்ணி. ஐஸ் தொழிற்சாலையில் அவனோடு வேலை செய்யும் அகீலை நான்கு நாளாகக் காணவில்லை. அன்றிலிருந்து தொழிற்சாலைக்குப் பூட்டு. இயந்திரம் மட்டும் ஓடுகிறது.

"நீங்கள் பொய் சொல்லேல்ல தம்பி," என்றார் இன்ஸ்பெக்டர், ஏழாவது தடவையாக, தாய்மாமன் மாதிரி. "பயத்தில மறந்திட்டீங்கள். தொழிற்சாலைக் கமராவில ரெண்டு பேரும் உள்ள போறீங்கள். நீங்கள் மட்டும் வெளிய வாறீங்கள்."

"சேர், நான் சாவியை மறக்கிறவன்தான். ஆளைக் கொன்றதையும் மறப்பனோ?"

அவர் சிரிக்கவில்லை. அகீல் சிரித்திருப்பான். கஜீபனின் பகிடிகளுக்கு வாய் நிறையச் சிரிக்கிற ஒரே மனிதன் அவன்தான்.

"சொன்னா வீட்ட போகலாம். ரெண்டு மணிக்கு மகள் பள்ளிக்கூட வாசலில நிப்பா, என்ன?"

மணி ஒன்று. கண்ணை மூடினான். ஏழு தடவை கேட்ட கதைக்கு இப்போது கதவும் வெளிச்சமும் முளைத்திருந்தன. இருவர் உள்ளே போகிறார்கள்.

"எங்க வச்சனீங்கள்?"

"ஐஸுக்குள்ள." பகிடியாகத்தான் தொடங்கினான். "பதினேழாவது பெட்டி."

"அவர்ர கையில என்ன இருந்தது?"

கண்ணைத் திறந்தான். முதலில் தெரிந்ததைச் சொன்னான்.

"கோப்பை. நீலம். பிடி உடைஞ்சது."

பேனா ஓடியது. கையெழுத்து வைத்தான். பெட்டியில் வெறும் ஐஸ்தான் இருக்கும். பிறகு மகளிடம் போய்விடலாம். வெளியேறும்போது திரும்பிப் பார்த்தான். கோப்பை மேசையிலேயே இருந்தது.

தொழிற்சாலையில் அமோனியா மூக்கை அறுத்தது. பலகை மூடியை விலக்கினார்கள். சங்கிலி இறங்கியது. ஐஸ் வார்க்கும் நெஞ்சளவு உயரத் தகரப் பெட்டி, உறையவைக்கும் உப்புத் தண்ணீரிலிருந்து எழுந்தது. கவிழ்த்தார்கள். ஐஸ் பாளம் வழுக்கி வெளியே வந்தது.

ஓரம் கண்ணாடி. நடு வெள்ளை. எப்போதும் அப்படித்தான்.

வெள்ளைக்குள் நீலம்.

தூரத்தில் பள்ளிக்கூட மணி அடித்தது.

"பாத்தீங்களா தம்பி," இன்ஸ்பெக்டர் மெதுவாகச் சொன்னார். "ஞாபகம் வந்திட்டுது."

ஐந்து விரல். பிடி உடைந்த கோப்பை. பாதித் தேத்தண்ணி, உறைந்து. அதற்கு மேலே அகீலின் முகம், வாய் நிறையத் திறந்து, இப்போதுதான் கஜீபன் ஏதோ பகிடி சொன்னதுபோல.