கண்ணத் தொறந்து விடு

ஜெயகுமாரின் கணினித் திரையில் ஒரு பிணம் மல்லாந்து கிடந்தது.

"கண்ணத் தொறந்து விடு" என்றான் ரமேஸ்.

அவன் கத்தி ஜெயகுமாரின் விலாவில் இருந்தது. பண்டாரவளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அந்தப் போட்டோ ஸ்டூடியோ. வந்ததும் வராததுமாக ஷட்டரை இழுத்து விட்டிருந்தான். ஜெயகுமாரின் போனும் அவன் பையில்.

பதினைந்து வருடமாக வழுக்கை மாப்பிள்ளைகளுக்கு படத்தில் முடி வளர்த்த கை மவுஸைப் பிடித்தது.

"யாருங்க இது?"

"என் சம்சாரம். நிரஞ்சலா. காலைல பூனாகலைத் தோட்டத்துல, தேயிலைக்குள்ள சண்டை. புடிச்சுத் தள்ளுனேன்... போயிட்டா. வெளிநாடு போயிருக்கான்னு மாமியாருக்கு ஒரு படம் காட்டணும்."

"பழைய படம் இல்லீங்களா?"

"எல்லாம் கெழவிக்கு மனப்பாடம்."

ஜெயகுமாரிடம் இருந்த வெளிநாடெல்லாம் கல்யாண ஆல்பத்து வெளிநாடுகள். பனிமலை, கோட்டை, அருவி, இரண்டு நிலா.

"எந்த நாட்டுலடா ரெண்டு நிலா?"

"ஒண்ண எடுத்துர்றேங்க."

நெற்றிக் காயத்தை மறைக்க முகத்தைப் பெரிதாக்கினான். மூக்கின் கீழே வெள்ளையாக ஒரு கறை. அழிக்கப் போனவன் நின்றான்.

கறையல்ல... ஆவி!

பூனாகலைக் குளிரில் செத்தவர்களுக்கு மூச்சு புகைவதில்லை.

இவள் உயிரோடு கிடக்கிறாள். சொன்னால் இவன் திரும்பிப் போய் மிச்சத்தை முடிப்பான். சொல்லாவிட்டால் குளிர் முடிக்கும்.

ஆவியைத் திரை முழுக்கப் பெரிதாக்கி, சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டான்.

"அது என்னா வட்டம்?"

"அழிக்கிற எடத்துக்கு அடையாளங்க."

தலைமாட்டில் ஒரு கல். வெள்ளைப் பெயிண்டில் தோட்டத்தின் பெயரும், கீழே 'ஏழாம் நம்பர் மலை' என்றும். அதற்கும் வட்டம்.

"ஆமை மாதிரி செய்யிற."

"கல்லு தெரிஞ்சா மாமியாரு புடிச்சுருவாங்கல்ல?"

ரமேஸுக்கு அது நியாயமாகப் பட்டது. பத்து நிமிடம் வட்டங்களை விட்டுத் திரை நகரவில்லை. பிறகு பனிமலை எழுந்தது. அருவி விழுந்தது. நிரஞ்சலா கோட்டை வாசலில் கண் திறந்து சிரித்தாள்.

"நல்லாருக்கு" என்றான் ரமேஸ். "நீ பாத்ததுதான் நல்லால்ல."

கத்தி அழுந்தியது.

சடாரென்று ஷட்டர் மேலே போனது!

வெளியே நாற்பது பேர், இரண்டு பொலிஸ். முன்னால் பூனாகலை பஸ் கண்டக்டர் இத்ரூஸ்.

"கத்தியப் போடு தம்பி. தோட்டத்துக்குப் போன் பண்ணிட்டோம். ஒம் பொண்டாட்டியத் தூக்கியாச்சு. மூச்சு இருக்கு."

"இவன் போனு ஏங்கிட்ட..." ரமேஸ் திணறினான். "எப்புடி?"

இத்ரூஸ் வெளிச்சுவரைக் காட்டினார். அங்கே ஒரு பெரிய டிவி. உள்ளே ஜெயகுமார் கணினியில் செய்வதெல்லாம் விளம்பரத்துக்காக அதில் ஓடும். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் பார்த்திருந்தார்கள். பண்டாரவளையில் அதைப் பார்க்காத ஒரே ஆள் ரமேஸ்தான்.

மூன்றாம் நாள், பதுளை ஆஸ்பத்திரி. கேட்டு வாங்கிய பனிமலைப் படத்தை, தலைக் கட்டோடு வெகுநேரம் பார்த்தாள் நிரஞ்சலா.

ஜெயகுமார் கட்டிலருகே குனிந்தான். "மன்னிச்சுக்கம்மா, வேற வழியில்ல..."

"அது பரவால்லண்ணே. இம்புட்டுப் பனியில நிக்க வச்சீங்களே, ஒரு சுவெட்டரு போட்டு விட்டுருக்கலாம்ல?"