முழுக்க வழித்த பாசி

சமையலறையில் கஷாயத்தை வடிகட்டிக்கொண்டிருந்தபோதுதான் மருந்துக்காரிக்கு உறைத்தது: மதியத்திலிருந்து பின்னறையில் இருமல் சத்தமே இல்லை. ஓட்டின் மேல் மழை சீராகப் பெய்துகொண்டிருந்தது, அடுப்பில் சட்டி தளதளவென்று கொதித்தது, கூரை ஒழுகும் இடத்தில் வைத்த வாளியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. இத்தனை சத்தத்துக்கு நடுவிலும் அந்த ஒரு சத்தம் இல்லாமல் வீடே காலியாகிவிட்டதுபோல இருந்தது. ஒரு வருஷமாக அவள் தூங்கியதும் விழித்ததும் தம்பியின் இருமலைக் கேட்டுத்தான். சனியன் பிடித்த இருமல் என்று வாய் ஓயாமல் திட்டியவள், இப்போது வடிகட்டும் துணியைக் கையில் பிடித்தபடி அதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

நின்றுவிட்டதா? நின்றால் நல்லதுதானே. சந்தோஷப்படத்தான் பார்த்தாள், முடியவில்லை.

தம்பி கல்குவாரியில் துளை போட்டுக்கொண்டிருந்தவன். நாற்பதைத் தாண்டியும் அவளுக்குக் குட்டிதான். அம்மா போனபோது அவன் கைக்குழந்தை. அவனை வளர்த்து ஆளாக்குவதிலேயே அவளுடைய கல்யாண வயசு சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், மாமியார் இல்லாத குறையை இவனே தீர்த்து வைக்கிறான் என்று சிரித்து மழுப்பிவிடுவாள். நுரையீரல் முழுக்கக் கல்தூசி, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கையை விரித்த அன்று வாசல்படியில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள். அவன் சாவதை நினைத்து அழுததைவிட, அதற்குப் பிறகு இந்த வீட்டில் தன் ஒருத்திக்காக உலை வைக்கப்போவதை நினைத்து அழுததுதான் அதிகம். அது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஊராரின் நெஞ்சுச்சளிக்கெல்லாம் கல்பாசியில் மருந்து செய்துகொடுக்கிறவள் அவள். பாறையிலும் மரப்பட்டையிலும் சாம்பல் பூத்ததுபோலப் படர்ந்திருக்குமே, அந்தப் பாசி. மழை விட்ட மறுநாள் பதமாக இருக்கும்போது மொக்கைக் கத்தியால் வழிக்க வேண்டும். சுற்றிலும் ஓரத்தை விட்டுவைக்க வேண்டும், அப்போதுதான் திரும்ப வளரும். வளர்ச்சி என்றால் நகக்கண் அளவு ஏறவே ஒரு வருஷம் பிடிக்கும். காற்று கெட்டால் முதலில் சாவதும் அதுதான். குவாரித் தூசியில் பக்கத்து மரங்களில் எல்லாம் பாசி உதிர்ந்து போய்விட்டது. எங்கெங்கோ அலைந்துவிட்டு, போன வாரம்தான் குவாரிக்காரர்கள் கைவிட்டுப்போன பழைய பள்ளத்துக்குப் பின்னால் ஒரு பாறையில் பார்த்தாள். ஆளுயரப் பாறை. புல்கூட வெளுத்துக் கிடந்த இடத்தில் அது மட்டும் கம்பளி போர்த்தியதுபோலத் தடிமனாகப் பாசி பிடித்து நின்றது. எல்லாம் செத்த இடத்தில் இது எப்படிப் பிழைத்தது என்று வேறு நாளாக இருந்தால் யோசித்திருப்பாள். அன்றைக்குத் தம்பி இருமி இருமி நீலம் பாய்ந்த முகம்தான் கண்ணில் நின்றது. ஓரம்கூட விடாமல் பாறையின் உச்சியை முழுக்க வழித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

அதைக் குடிக்கத் தொடங்கியதிலிருந்து இருமல் தணிந்துகொண்டே வந்தது. நேற்று எழுந்து தானாக நடந்தான்.

கஷாயத் தம்ளரோடு பின்னறைக்குப் போனாள். ஜன்னலோரம் நாற்காலியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜன்னல் அகலத் திறந்திருந்தது. சாரல் அடித்து அவன் மடியும் தரையும் கட்டிலின் கால்மாட்டும் தொப்பலாக நனைந்திருந்தன. ஒரு வருஷமாக அந்த அறையில் ஊறிப்போயிருந்த தைல வாசனையும் வியர்வை வாசனையும் துடைத்தெடுத்ததுபோலப் போய், புதிதாக உடைத்த ஈரக்கல்லின் வாசனை அடித்தது.

"குளிருமேடா. ஜன்னலச் சாத்தட்டுமா?"

"வேணாம்க்கா. ஈரம் நல்லா இருக்கு."

"நெஞ்சு வலிக்குதா?"

"எதுவுமே வலிக்கல."

குரல் அவனுடையதுதான். ஆனால் கேள்வி போய்ச் சேர்ந்து பதில் திரும்பி வருவதற்குள் அவள் இரண்டு தடவை எச்சில் விழுங்க வேண்டியிருந்தது. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டதற்குப் பசியில்லை, தண்ணீர் போதும் என்றான். திரும்பிப் பார்க்கவே இல்லை. சட்டைக் காலருக்கு மேலே கழுத்து சாம்பல் பூத்திருந்தது. இந்தக் குவாரித் தூசி எத்தனை தேய்த்தாலும் போகாது என்று மனதுக்குள் சலித்துக்கொண்டு, தம்ளரை வைத்துவிட்டு வந்தாள். அவன் குவாரிக்குப் போயே ஒரு வருஷம் ஆகிறது என்பது சமையலறைக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் செய்து, இருமல் நின்றுவிட்டது, எனக்குப் பயமாக இருக்கிறது என்றாள். நர்ஸ் சிரித்துவிட்டாள். நின்றதற்குப் போய் யாராவது பயப்படுவார்களா, மழை விட்டதும் வந்து பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள். கூப்பிட வேறு யாரும் இல்லை. இத்தனை வருஷமாக எத்தனை பேருக்கு மருந்து கொடுத்திருப்பாள். குணமானவர்கள் யாரும் திரும்பி வந்து உட்கார்ந்து பேசியதில்லை. கையிலிருந்த போனைக் கொஞ்ச நேரம் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. மீதிப் பாசியைக் கசப்புப் போக அகலமான பாத்திரத்தில் ஊறப்போட்டிருந்தாள். தண்ணீர் மாற்றலாம் என்று மூடியைத் திறந்தாள்.

காலையில் போட்டபோது துண்டு துண்டாக இருந்தது. அவள் கையாலேயே கிழித்துப் போட்டவை. இப்போது துண்டுகள் இல்லை. ஓரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, தையல் தெரியாத ஒரே விரிப்பாக, தண்ணீருக்கு அடியில் குழிந்து கிடந்தது. இரண்டு கைகளாலும் ஏந்தி எடுத்தாள். தண்ணீர் வடிய வடிய அது தன் வடிவத்துக்கு வந்தது. நடுவில் ஒரு மேடு. அதன் இரு பக்கமும் ஒவ்வொரு பள்ளம். கீழே, கொஞ்சம் பிளந்தபடி, ஒரு கோடு.

முகம்.

பாறையில் கத்தி ஒரு மேட்டில் ஏறி இறங்கியது நினைவுக்கு வந்தது. இரண்டு குழிகளுக்குள் கத்தி நுனியை நுழைத்துச் சுழற்றிச் சுரண்டியதும்.

கைகள் தாமாகவே அதைக் கீழே போட்டன.

"குட்டி?"

பின்னறைக்கு ஓடினாள். நாற்காலி காலி. தம்ளரும் காலி. கொல்லைக் கதவு திறந்து கிடந்தது.

வெளியே நின்றுகொண்டிருந்தான். சட்டையில்லாமல், மழையில், வெயிலே படாத வடக்குச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு. நெஞ்சு, தோள், தொண்டை எல்லாம் சாம்பல் நிறத்தில் தடித்திருந்தன. கன்னத்தில். நெற்றியில். கண்களின் மேல்.

"உள்ள வாடா. அக்கா சொல்றேன்ல. வா."

நெடுநேரம் கழித்துத்தான் பதில் வந்தது. உதடு அசையவில்லை. எங்கோ உள்ளேயிருந்து வந்தது.

"நான் எங்கயும் போகலக்கா. உன்னைத் தனியா விட்டுட்டுப் போக மாட்டேன்."

அவளுக்கு வேறு என்ன தெரியும்? அவளுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். உள்ளே ஓடிக் கத்தியை எடுத்து வந்தாள். இடது கையால் அவன் கையைப் பற்றிக்கொண்டு, நெற்றியில் கத்தியை வைத்து வழித்தாள். பாசி சுருள் சுருளாக வந்தது. சின்ன வயதில் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது சொல்வாளே, அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆச்சுடா, ஆச்சு, ஆச்சு."

அடியில் தோல் இல்லை.

கல்.

கத்தி கரகரவென்று உரசியது. கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. அவன் விரல்கள் அவள் மணிக்கட்டைச் சுற்றி மூடியிருந்தன. சுவரில் காலை உதைத்து இழுத்தாள். அசையவில்லை. கத்தினாள். மழை. இன்னும் உரக்கக் கத்தினாள். ரோட்டில் யாரும் இல்லை. பிடிபட்ட கையில் அவள் விரல்கள் மரத்துக்கொண்டு வந்தன. ஒற்றைக் கையால் வெறிபிடித்தவள்போல வழித்தாள். நெற்றி. புருவம். கண்குழி.

அங்கே மட்டும் கல் இல்லை. ஈரமாக, வெதுவெதுப்பாக, உயிரோடு ஒரு கண். அவள் தூக்கி வளர்த்த பிள்ளையின் கண். கத்தி முனையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தபடி, வலி தாங்காமல், அது அகல அகலத் திறந்துகொண்டே போனது.